ஜீரோ கேட்டுக்கு இன்னும் ஒன்பது

எர்ணாவூர் பாலத்து இறக்கத்தில்
எனக்கு முன்னால் நூற்றுப் பதினோரு டிரெய்லர்.
எண்ணியவன் கிளீனர் தணிகாசலம்.
வேறு வேலை இல்லாததால்
இரண்டு முறை எண்ணினான்.
இரண்டாம் முறை நூற்றுப் பதின்மூன்று வந்தது.

ராத்திரி எட்டுக்கே பெட்டியை இறக்கிவிட்டு
ஒன்பதுக்குக் குளித்து
பன்னிரண்டுக்கு மீனம்பாக்கத்தில் நிற்பேன் என்று
ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தேன்.
இப்போது மணி மூன்று.
ஏற்றிவிட அவள் தம்பி கிளமெண்ட் போயிருக்கிறான்,
இரவல் ஆட்டோவில்,
இருபத்து மூன்று கிலோப் பெட்டி இரண்டோடு.
ஒன்றில் நர்ஸ் ஷூவும் சர்டிபிகேட்டும்,
இன்னொன்றில் காசிமேட்டு வஞ்சிரக் கருவாடு
ஏழு சுற்று பிளாஸ்டிக்கில்.
எட்டாவது சுற்று
என் பழைய லுங்கி என்றாள்.
சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல்
ஹாரன் அடித்தேன்.

போனில் தட்டிப் பார்த்தேன்.
சென்னை, லண்டன்:
எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்,
பத்தே முக்கால் மணி நேரம்.
எர்ணாவூர், ஜீரோ கேட்:
ஒன்பது கிலோமீட்டர்,
இருபத்திரண்டு நிமிடம்
என்று கூசாமல் சொன்னது
அதே போன்.

என் முதுகுக்குப் பின்னாலிருக்கும் நாற்பதடிப் பெட்டியும்
அந்த நாட்டுக்குத்தான்.
கப்பலேறினால் ஒரு மாதமாவது ஆகும்.
உள்ளே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு.
ஏதோ ஒரு வார்டில், ஏதோ ஒரு நைட் டூட்டியில்
அவளே உதறி விரிக்கக்கூடும்.
நான் தொட்டது
வெளியே தொங்கும் சீலை மட்டும்.

ஐந்தரைக்குக் கதவைத் திறந்து
படியில் நின்று பார்த்தேன்.
இடது பக்கம் கடல், கறுப்பாக.
வலது பக்கம் மணலிச் சிம்னியின் நெருப்பு.
நடுவில் ஒரு விளக்கு நகர்ந்தது.
"அண்ணி போறாங்கண்ணா" என்றான் தணிகாசலம்.
அது கிழக்கே போகிறது, அந்தமான் வண்டி,
லண்டன் மேற்கே என்றேன்.
"உலகம் உருண்டைதானே" என்று
பீடியைப் பற்றவைத்தான்.

பிறகு பகல்.
சைக்கிளில் டீ வந்தது,
பிறகு சுண்டல், பிறகு லாட்டரி போலப்
போர்ட்டில் சர்வர் படுத்துவிட்டது என்ற செய்தி,
பிறகு எழுந்துவிட்டது என்ற செய்தி.
இன்ஜினைப் போடு, இரண்டு வண்டி நீளம் நகர், அணை.
சீட்டுக்கடியில் சூடு.
அவள் இப்போது எந்தப் பாலைவனத்தின் மேலே,
எந்தப் பனிமலையின் மேலே என்று பார்க்கப் பார்க்க
போனில் சார்ஜ் பதினொரு சதவீதம்.
அணைத்து வைத்தேன்.

நாலேகாலுக்குப் போட்டதும் வந்தது:
"இறங்கிட்டேன். இங்க இன்னும் மத்தியானமே ஆகல.
நீ போர்ட்டுக்குள்ள போயிட்டியா?"

எல்லையம்மன் கோயில் என்று அடித்தேன்.
நீண்ட நேரம் பதில் இல்லை.
பிறகு ஒரே ஒரு வார்த்தை:
"சாப்டியா".

டீசல் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
பதினொரு மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர்.
இந்த வேகத்தில்
கடலும் ரோடாகி, விசாவும் கேட்காமல் விட்டால்
அவள் வாசலில் போய் நிற்க
தொள்ளாயிரத்து நாற்பது நாள்.
தணிகாசலம் மறுபடி பெருக்கிப் பார்த்துச்
சரி என்றான்.
ரெண்டு வருஷம் ஏழு மாசம்.

அவள் கையெழுத்துப் போட்டது
மூன்று வருஷத்துக்கு.

அப்படியானால் ஐந்து மாசம்
மிச்சம் இருக்கிறது
இரண்டு பேருக்கும்.

முன் வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.
சாவியைத் திருகினேன்.